நாளுக்கு 8 பென்ஸ்: இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் படைக்கு வரி திரட்டிய விதம்

1645-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் புதிதாக ஒரு படையை அமைத்தது. அதில் காலாட்படைச் சிப்பாய்க்கு நாளுக்கு 8 பென்ஸ் சம்பளம். வயலில் கூலிவேலை செய்தவருக்கும் அன்று ஏறக்குறைய அவ்வளவுதான் கிடைத்தது. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, அதாவது 240 பென்ஸ் ஒரு பவுண்டு. ஒரு ஆளுக்கு 8 பென்ஸ் பெரிய தொகையாகத் தெரியாது. காலாட்கள் 14,400 பேர் என்றால் ஒரு நாளைக்கு 480 பவுண்டு. குதிரைப்படையினர் 6,600 பேருக்கு ஆளுக்கு 2 ஷில்லிங் வீதம் 660 பவுண்டு. குதிரையில் வந்து இறங்கி நின்று சுடும் டிராகூன்கள் 1,000 பேருக்கு ஒன்றரை ஷில்லிங் வீதம் 75 பவுண்டு. மொத்தம் நாளுக்கு 1,215 பவுண்டு, 28 நாளுக்கு 34,020 பவுண்டு. அதிகாரிகளின் சம்பளம், பீரங்கிகள், வண்டி மாடு, வெடிமருந்து, காலணி எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. குதிரைப்படைக்கு வாங்கிய குதிரை ஒன்றின் விலை மட்டும் 7 பவுண்டு 10 ஷில்லிங்.

இந்தப் பணம் மாதாமாதம் வந்தாக வேண்டும். வராவிட்டால் சிப்பாய் ஊருக்குத் திரும்பிவிடுவான், அல்லது பக்கத்துக் கிராமத்தில் புகுந்து எடுத்துக்கொள்வான். 1642 முதல் 1646 வரை நடந்த முதல் உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்லஸ் தோற்றதற்கும் நாடாளுமன்றம் வென்றதற்கும் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் வரிக்குத் தர வேண்டிய இடத்தைப் பலர் தருவதில்லை. இரண்டு பக்கமும் வீரமாகத்தான் போரிட்டார்கள். ஆனால் ஒரு பக்கம் மட்டுமே தவறாமல் வரும் ஒரு வருமானத்தை உருவாக்கியது.

உள்நாட்டுப் போரில் வரி ஏன் தனிச் சிக்கல்?

வெளிநாட்டோடு போர் என்றால் அரசாங்கம் பழைய வரியைக் கூட்டினால் போதும். வசூலிக்கும் ஆட்கள், கணக்குப் புத்தகங்கள், கட்ட மறுப்பவரைத் தண்டிக்கும் நீதிமன்றம் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். உள்நாட்டுப் போரில் இவை அத்தனையும் இரண்டாகப் பிளந்துவிடும். ஒரு மாவட்டத்தின் நிர்வாக அதிகாரியான ஷெரிப் மன்னர் பக்கம் போவார், அடுத்த மாவட்டத்து ஷெரிப் நாடாளுமன்றம் பக்கம் நிற்பார். கருவூலத்தின் சாவி ஒருவரிடம் இருக்கும், பணம் கட்ட வேண்டிய ஊர் மற்றவர் கையில் இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், வரி கேட்கும் உரிமை யாருக்கு என்பது. இங்கிலாந்தில் சட்டம் என்றால் மன்னரும் இரு அவைகளும் சேர்ந்து இயற்றுவது. மன்னருக்கு எதிராகவே போர் நடக்கும்போது அவருடைய ஒப்புதல் எப்படிக் கிடைக்கும்? நாடாளுமன்றம் ஒப்புதல் இல்லாமலே அவசர ஆணைகளைப் பிறப்பித்து அவற்றைச் சட்டம் போல நடத்தியது. மன்னர் தரப்பிலோ நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லை. போர் மூண்டதற்கே ஒரு காரணம், சம்மதம் இல்லாமல் மன்னர் வரி வாங்கியதுதான். ஆகவே இரு தரப்பும் எதைக் குற்றம் என்று மற்றவர் மேல் சுமத்தினார்களோ அதையே செய்ய வேண்டியிருந்தது.

போருக்கு முன் இருந்த இரண்டு வரிகள்

பின்னால் வந்த முறை எங்கிருந்து முளைத்தது என்பது புரிய, இரண்டு பழைய வரிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, நாடாளுமன்றம் அவ்வப்போது வழங்கிய மானிய வரி. நிலத்தின் மதிப்பில் பவுண்டுக்கு 4 ஷில்லிங், அசையும் பொருளின் மதிப்பில் பவுண்டுக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் என்று வீதம் மட்டும் நிர்ணயித்திருந்தார்கள். மொத்தம் எவ்வளவு வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மதிப்புப் போடும் உள்ளூர்ப் பிரபுக்கள் தங்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் குறைத்து எழுதினார்கள். விலைவாசி ஏறியது, எழுதிய மதிப்பு மட்டும் இறங்கிக்கொண்டே போனது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு மானிய வரி 1,40,000 பவுண்டு அளவுக்குக் கொண்டுவந்தது. 1628-ல் அதே வரி 55,000 பவுண்டு அளவுக்குத் தேய்ந்திருந்தது.

இரண்டாவது, கப்பல் வரி. 1629-க்குப் பிறகு நாடாளுமன்றத்தைக் கூட்டாமல் ஆண்ட சார்லஸ், கடற்படைக்கு என்று சொல்லி 1634 முதல் இதை வாங்கினார். முதலில் கரையோர ஊர்களில், மறு ஆண்டு முதல் நாடு முழுவதும். முறை நேர்மாறானது. முதலில் மொத்தத் தொகை தீர்மானமாகும், பிறகு அது மாவட்ட வாரியாகப் பிரியும். சபோக் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 8,000 பவுண்டு என்றால் 8,000 பவுண்டு. உள்ளே எப்படிப் பங்கு போடுவது என்பது ஷெரிப்பின் தலைவலி. ஒருவர் குறைத்து எழுதிக்கொண்டால் அந்தச் சுமை அடுத்த வீட்டின் மேல் விழும். அதனால் ஊரே ஒருவரையொருவர் கண்காணித்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பவுண்டு கிடைத்தது. ஜான் ஹாம்ப்டன் என்ற நிலக்கிழார் கட்ட மறுத்து வழக்காடினார். 1638-ல் 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம், 5 பேர் ஹாம்ப்டன் பக்கம் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பில் மன்னர் வென்றார், ஊர்களில் வசூல் சரிந்தது.

1641-ல் நாடாளுமன்றம் கப்பல் வரியைச் சட்டவிரோதம் என்று ஒழித்தது. அதை ஒழித்த அதே அவைதான் இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பங்கீட்டு முறையைப் பல மடங்கு சுமையோடு கொண்டுவந்தது.

முதல் சில மாதங்கள்: நன்கொடையும் கடனும்

எந்த உள்நாட்டுப் போரிலும் முதல் பணம் ஆர்வலர்களிடமிருந்து வரும். 1642 ஜூனில் நாடாளுமன்றம் பணமும் வெள்ளிப் பாத்திரமும் குதிரையும் கொண்டுவந்து தருமாறு கேட்டது. கொடுத்தவர்களுக்கு 8 சதவீத வட்டியோடு திருப்பித் தருவதாக 'பொது நம்பிக்கை'யின் பேரில் உறுதி தந்தது. சட்டம் அனுமதித்த உச்ச வட்டியே அன்று 8 சதவீதம்தான். லண்டன் மாநகர மன்றமான கில்டுஹாலில் தட்டும் கோப்பையும் குவிந்தன. ஏழைப் பெண்கள் தையல் விரலுறையையும் கொண்டை ஊசியையும் கொண்டுவந்தார்கள். மன்னர் பக்கத்தார் இதைக் கேலி செய்தார்கள். எனக்கு அதில் கேலிக்கு இடம் தெரியவில்லை. தன்னிடம் இருந்த ஒரே வெள்ளித் துண்டைக் கொடுத்தவர் அந்தப் போரை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்!

ஆனால் நன்கொடைக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒருவர் வெள்ளித் தட்டை ஒரு முறைதான் கொடுக்க முடியும். அதோடு, ஆர்வலர் மட்டுமே கொடுக்கிறார், மற்றவர் சும்மா இருந்தே பயன் அடைகிறார். அக்டோபர் 23 அன்று எட்ஜ்ஹில்லில் நடந்த முதல் பெரும் சண்டையில் வெற்றி தோல்வி தெரியவில்லை. போர் நீளும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. நவம்பர் இறுதியில், இதுவரை கொடுக்காத லண்டன்வாசிகள் தங்கள் சொத்தில் இருபதில் ஒரு பங்கைக் கட்டாயமாகக் கட்ட வேண்டும் என்று ஆணை வந்தது. 1643-ல் இது மற்ற இடங்களுக்கும் விரிந்தது. நில வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு, மற்ற சொத்தில் இருபதில் ஒரு பங்கு. இதுவும் ஒரு முறை வாங்கும் தொகைதான். படையோ வாரா வாரம் சாப்பிட்டது.

வாராந்தர வரி: மேலிருந்து வீட்டு வாசல் வரை

1643 பிப்ரவரி 24 அன்று வாராந்தர வரிக்கான ஆணை பிறந்தது. இந்தக் கட்டுரையின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆணையிலேயே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வாரத் தொகை எழுதப்பட்டிருந்தது. லண்டன் நகரத்துக்கு வாரம் 10,000 பவுண்டு. சபோக், நார்போக், கென்ட் ஒவ்வொன்றுக்கும் 1,250. நாடு முழுவதற்குமாக வாரம் 33,000 பவுண்டுக்கு மேல். சபோக்கின் கணக்கைக் கப்பல் வரியோடு வைத்துப் பாருங்கள். மன்னர் ஓர் ஆண்டுக்குக் கேட்ட 8,000 பவுண்டை நாடாளுமன்றம் ஆறரை வாரத்தில் கேட்டது. மன்னர் கேட்டபோது கொதித்த மாவட்டம்தான் அது.

ஆணையில் தொகையோடு ஆட்களின் பெயரும் இருந்தது. மாவட்டத்துக்கு ஒரு குழு. அதில் அந்த மாவட்டத்து நிலக்கிழார்களே உறுப்பினர்கள். குழு தன் தொகையை வட்டாரங்களுக்குப் பிரித்தது. வட்டாரத்துக்குள் ஊர் ஊராகப் பிரித்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மூன்று பேரை மதிப்பீட்டாளர்களாக நியமித்தார்கள். யாருடைய நிலத்துக்கு எவ்வளவு குத்தகை, யார் வீட்டில் எத்தனை மாடு, யார் கடையில் எவ்வளவு சரக்கு என்று அறிந்த உள்ளூர்க்காரர்கள் அவர்கள். வசூலிப்பவர் தனி. அவர் வாங்கிய பணத்தை வட்டாரத்துத் தலைமை வசூலிப்பாளரிடம் கட்டுவார், அவர் மாவட்டப் பொருளாளரிடம் கட்டுவார். ஒவ்வொரு கையிலும் ரசீது மாறும்.

ஓர் ஊருக்கு வாரம் 3 பவுண்டு விழுந்ததாக வைத்துக்கொள்வோம். அது 720 பென்ஸ். அந்த ஊரின் நிலங்களுக்கு மொத்த ஆண்டுக் குத்தகை மதிப்பு 900 பவுண்டு என்றால், குத்தகை மதிப்பில் பவுண்டுக்கு வாரம் 0.8 பென்னி வரும். ஆண்டுக்கு 30 பவுண்டு மதிப்புள்ள நிலத்தை உழுபவர் வாரம் 24 பென்ஸ், அதாவது 2 ஷில்லிங் கட்ட வேண்டும். ஒரு சிப்பாயின் மூன்று நாள் சம்பளம் அவர் வயலிலிருந்து போகிறது. ஓராண்டு தொடர்ந்தால் நிலத்தின் மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வரிக்கே போய்விடும். எடுத்துக்காட்டுக்காகப் போட்ட ஊர்தான் இது. ஆனால் சுமை எந்த அளவுக்கு ஏறியது என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

உழுபவர் பெரும்பாலும் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. ஆகவே குத்தகைக்காரர் முதலில் வரியைக் கட்டிவிட்டு, நிலக்கிழாருக்குக் கொடுக்க வேண்டிய குத்தகையிலிருந்து அவருடைய பங்கைக் கழித்துக்கொள்ள ஆணை இடம் தந்தது. மிகவும் யோசித்துச் செய்த ஏற்பாடு இது. நிலக்கிழார் லண்டனில் இருக்கலாம், மன்னர் படையில் சேர்ந்து ஆக்ஸ்போர்டில் இருக்கலாம். நிலத்தில் நிற்கும் ஆளைப் பிடித்தால் போதும், பணம் வந்துவிடும். கட்ட மறுத்தால் மாட்டையோ தானியத்தையோ பாத்திரத்தையோ ஜப்தி செய்து விற்று வரியை எடுத்துக்கொள்வார்கள். ஜப்தி செய்ய எதுவும் கிடைக்காவிட்டால் சிறை.

இந்த முறை ஏன் வேலை செய்தது? அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் அன்று மிகக் குறைவு. புதிதாக ஆயிரக்கணக்கானவரை நியமிக்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. பங்கீட்டு முறைக்கு அவர்கள் தேவைப்படவில்லை. கணக்குப் போடும் வேலையை ஊரே செய்தது. மேலே இருப்பவருக்கு ஒவ்வொருவரின் உண்மையான வருமானம் தெரிய வேண்டியதில்லை. மாவட்டத்தின் மொத்தம் வந்து சேர்ந்ததா என்று பார்த்தால் போதும். எத்தனை பவுண்டு வரும் என்பது முன்கூட்டியே தெரிந்தது. அதுதான் இதன் உயிர்நாடி.

குறைகளும் அதே இடத்திலிருந்துதான் முளைத்தன. 33,000 பவுண்டு என்பது காகிதத்தில்தான். பாதி நாடு மன்னர் கையில் இருந்தது. டெவன் மாவட்டத்துக்கு என்ன தொகை எழுதியிருந்தாலும் மன்னர் படை அங்கே வந்த பிறகு அது வெறும் எழுத்து. கிழக்கு மாவட்டங்களான நார்போக், சபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ், ஹெர்ட்போர்ட் ஆகியவை சேர்ந்த கிழக்குக் கூட்டமைப்பில் சண்டை அதிகம் நடக்கவில்லை. அங்கேதான் வசூல் ஒழுங்காக இருந்தது. அங்கும் 1643 முழுவதும் மாவட்டக் குழுக்கள் தங்கள் பணம் தங்கள் எல்லைக்குள்ளேயே செலவாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தன. நாடாளுமன்றப் படைத் தளபதி ஆலிவர் கிராம்வெல் அந்த ஆண்டு எழுதிய கடிதங்களில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை என்ற மன்றாட்டு திரும்பத் திரும்ப வருகிறது. 1644 தொடக்கத்தில் கூட்டமைப்பின் பணம் கேம்பிரிட்ஜில் ஒரே பொருளாளர் அமைப்பின் கீழ் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 2 அன்று மார்ஸ்டன் மூரில் மன்னரின் வடக்குப் படையை முறியடித்தவர்களில் இந்தக் கூட்டமைப்பின் படை முக்கியமானது.

கலால் வரி: எல்லோர் குவளையிலும் ஒரு பங்கு

நிலத்தின் மேல் போட்ட வரி நிலம் இல்லாதவரைத் தொடவில்லை. ஜான் பிம் என்ற நாடாளுமன்றத் தலைவர் நெடுநாள் வற்புறுத்தி, 1643 ஜூலை 22 அன்று, விற்கும் பொருள்களின் மேல் போடும் கலால் வரியைக் கொண்டுவந்தார். பீர், சைடர், புகையிலை, ஒயின், சர்க்கரை போன்றவை முதல் பட்டியலில் இருந்தன. அடுத்த ஆண்டு இறைச்சியும் உப்பும் சேர்ந்தன. பீரில் வரி காய்ச்சுபவரிடம் வாங்கப்பட்டது. பீப்பாய் 6 ஷில்லிங்குக்கு மேல் விற்கும் கெட்டி பீருக்கு ஒரு வீதம், நீர்த்த மலிவு பீருக்கு மிகக் குறைந்த வீதம்.

இந்த வரிக்கு உள்ளூர்ப் பங்கீடு உதவாது. எத்தனை பீப்பாய் காய்ச்சினார்கள் என்று ஒருவர் போய் எண்ண வேண்டும். ஆகவே லண்டனில் ஆணையர்கள் எட்டுப் பேரைக் கொண்ட தலைமை அலுவலகமும், மாவட்டங்களில் சம்பளத்துக்கு வேலை செய்யும் கிளை அதிகாரிகளும் அமைக்கப்பட்டார்கள். நிலவரி வசூலிப்பவர் ஊர்க்காரர். கலால் அதிகாரியோ வெளியூரிலிருந்து வந்து அடுப்படியையும் நிலவறையையும் சோதிப்பவர். மக்கள் அவரை எவ்வளவு வெறுத்தார்கள் என்பதற்கு 1647 பிப்ரவரியில் லண்டன் ஸ்மித்பீல்டு மாட்டுச் சந்தையில் நடந்த கலவரம் சாட்சி. கூட்டம் அங்கிருந்த கலால் அலுவலகக் கட்டடத்தைத் தீயிட்டது. நான்கு மாதத்தில் இறைச்சி, உப்பு இரண்டின் மீதும் இருந்த கலால் நீக்கப்பட்டது. பீரின் மேல் இருந்தது நீடித்தது. ஏழையின் உணவில் கை வைத்தால் எங்கே வெடிக்கும் என்பது நாடாளுமன்றத்துக்கு அப்போது புரிந்தது.

எதிரியின் சொத்து

1643 மார்ச் 27 ஆணைப்படி மன்னர் பக்கம் நின்றவர்களின் நிலங்கள் ஜப்தி செய்யப்பட்டன. குத்தகைப் பணம் நில உரிமையாளருக்குப் பதில் நாடாளுமன்றத்துக்குப் போனது. மனைவி, பிள்ளைகள் பிழைக்க ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. கேட்கும்போது பெரிய வருமானம் போலத் தோன்றும். நடைமுறையில் பல மாவட்டங்களில் ஜப்தி நிலத்துக்குக் குத்தகைக்காரர் கிடைக்கவில்லை. மன்னர் வென்றால் என்ன ஆவது என்ற பயம். வேலி சரிந்தது, மரங்களை வெட்டி விற்றார்கள், வீடுகள் பாழாயின.

பிறகு வேறு வழி கண்டார்கள். ஜப்தியான நிலத்தின் உரிமையாளர் லண்டன் கோல்டுஸ்மித்ஸ் ஹாலில் இருந்த குழுவின் முன் வந்து, இனி எதிர்க்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்து, அபராதம் கட்டி நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். குற்றத்தின் அளவைப் பொறுத்து அபராதம் சொத்து மதிப்பில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, சிலருக்கு அதற்கும் மேலே போனது. சொத்து விவரத்தை உரிமையாளரே எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தது தெரிந்தால் அபராதம் கூடும். பராமரிக்க முடியாத நிலத்தைக் கையில் வைத்திருப்பதைவிட ரொக்கம் வாங்குவது நல்லது என்ற தெளிவு இதில் தெரிகிறது.

மன்னர் பக்கத்தில் என்ன நடந்தது?

மன்னரும் இதையெல்லாம் செய்யப் பார்த்தார். ஆக்ஸ்போர்டில் தலைமையிடம் அமைத்து, கல்லூரிகளின் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி நாணயம் அடித்தார். பெரும் செல்வர்கள் சிலர் அள்ளிக் கொடுத்தார்கள். தன் பகுதி மாவட்டங்களில் வாராந்தரப் பங்களிப்பு கேட்டார். 1644-ல் ஆக்ஸ்போர்டில் தனக்கென்று ஒரு நாடாளுமன்றத்தைக் கூட்டி அதன் ஒப்புதலோடு கலாலும் போட்டார்.

ஆனால் லண்டன் அவரிடம் இல்லை. துறைமுகச் சுங்கமும் கடன் கொடுக்கும் வணிகர்களும் அங்கேதான் இருந்தார்கள். அவர் கையில் இருந்த மாவட்டங்கள் பலவற்றில் போரே நடந்துகொண்டிருந்தது. குதிரைகள் மிதித்த வயலிலிருந்து வரி வராது. இன்னொரு பலவீனம் முறையிலேயே இருந்தது. மன்னர் தரப்பு பல இடங்களில் இன்ன வட்டாரம் இன்ன ரெஜிமெண்டுக்கு, அதாவது படைப்பிரிவுக்கு, என்று ஒதுக்கி, பணத்தை அந்தப் படையே நேரடியாக வசூலித்துக்கொள்ள விட்டது. அப்போதைக்கு எளிது. மையக் கருவூலமும் வேண்டாம், வண்டியில் பணம் அனுப்பவும் வேண்டாம். விளைவு என்னவென்றால், ஒவ்வொரு தளபதியும் தன் வட்டாரத்துக்குச் சிற்றரசரானார். ஒரு ரெஜிமெண்டிடம் உபரி இருக்கும், பக்கத்துக் கோட்டையில் பட்டினி. படையை வேறு இடத்துக்கு நகர்த்தினால் அதன் வருமானம் பின்னால் வராது. அதனால் நகரவே மறுப்பார்கள்.

இரு பக்கத்துக் கோட்டைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர்களின் நிலை இதைவிட மோசம். திங்களன்று ஒருவர், வியாழனன்று மற்றவர். ரசீதைக் காட்டினால் அது எதிரியின் ரசீது என்று இரண்டாவது தடவையும் வாங்கினார்கள். 1645-ல் வில்ட்ஷயர், டார்செட், சாமர்செட் பகுதிகளில் விவசாயிகள் தடியும் அரிவாளும் ஏந்தி இரண்டு படைகளையும் எதிர்த்துக் கூடினார்கள். கிளப்மென் என்று அவர்களுக்குப் பெயர். எந்தப் படை வாங்கிய பொருளுக்குக் காசு கொடுத்ததோ அதனோடுதான் அவர்கள் ஒத்துப்போனார்கள்.

வரியின் மேல் வாங்கிய கடன்

1645 பிப்ரவரி 17 அன்று, தொடக்கத்தில் பார்த்த அந்தப் புதிய படைக்கான, அதாவது புதிய மாதிரிப் படைக்கான ஆணை நிறைவேறியது. மொத்தம் 22,000 பேர். அதற்கென்றே லண்டன் உட்பட, போர் அதிகம் தொடாத தெற்கு, கிழக்கு மாவட்டங்களின் மேல் மாதம் 53,436 பவுண்டு வரி போட்டார்கள். மேலே நாம் போட்ட 34,020 பவுண்டுச் சம்பளக் கணக்கோடு அதிகாரிகளையும் பீரங்கியையும் சேர்த்தால் இந்தத் தொகைக்கு அருகில் வரும். முதலில் செலவைக் கணக்கிட்டு, அதற்கேற்ப வரியை அளந்து, அந்த வரியை அந்த ஒரு படைக்கே கட்டிவைத்தார்கள். போர் தொடங்கி இரண்டரை ஆண்டில் இது முதல் முறை.

இருந்தாலும் வரி வசூலாகி வர மாதங்கள் ஆகும். துப்பாக்கியும் காலணியும் உடனே வேண்டும். ஆகவே வரப்போகும் வரியை ஈடு காட்டி லண்டன் நகரத்திடம் 80,000 பவுண்டு கடன் வாங்கினார்கள். 1642-ல் கேட்ட கடனுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அன்று வெறும் வாக்குறுதி. இன்று கடன் கொடுத்தவர் எந்த மாவட்டத்துப் பணம் எந்த மாதம் தனக்கு வரும் என்று கணக்குப் பார்க்க முடிந்தது. ஜூன் 14 அன்று நேஸ்பியில் மன்னரின் முதன்மைப் படை நொறுங்கியது.

எது உடைந்தது?

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போதவில்லை. குழப்பம் எங்கெல்லாம் நுழைந்தது என்று தெரிந்துகொள்வது, முறை எப்படி வேலை செய்தது என்பதைத் தெரிந்துகொள்வதற்குச் சமம்.

வரி தாமதமானால் படை வீடுகளில் தங்கியது. சிப்பாய்கள் ஒரு வீட்டில் தங்கிச் சாப்பிட்டு, பிறகு தருவதாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டுக்குப் பணம் வருவது அரிது. வரியும் கட்டி, சிப்பாய்க்குச் சோறும் போட்ட குடும்பம் இரண்டு முறை கொடுத்தது. பிறகு அந்த வீட்டால் வரி கட்ட முடியாது. வரி குறைந்தால் இன்னும் அதிகச் சிப்பாய்கள் வீட்டுக்கு வருவார்கள். சுழல் இப்படித்தான் தொடங்கும். இதற்கிடையில் சாப்பிட்டதன் மதிப்பைச் சிப்பாயின் சம்பள பாக்கியிலிருந்தும் கழித்தார்கள்.

கணக்கு இன்னொரு சிக்கல். பணம் பல குழுக்களின் வழியே போனதால் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பதே தெரியவில்லை. 1644-ல் வில்லியம் பிரின் தலைமையில் தணிக்கைக் குழு அமைந்தது. அது மாவட்டக் குழுக்களைத் துருவத் தொடங்கியதும் இரண்டுக்கும் பகை மூண்டது.

எல்லாவற்றையும் விடப் பெரிய சேதம் சம்பள பாக்கி. 1644-ல் நாடாளுமன்றத்துக்கு உதவியாக வந்த ஸ்காட்லாந்துப் படையைத் திருப்பி அனுப்ப 4 லட்சம் பவுண்டு தருவதாக ஒப்புக்கொண்டு, 1647 தொடக்கத்தில் அதில் பாதியைக் கொடுத்தார்கள். சொந்தப் படைக்கோ கொடுக்கவில்லை. 1647 வசந்தத்தில் காலாட்படைக்கு 18 வாரமும் குதிரைப்படைக்கு 43 வாரமும் பாக்கி. நாடாளுமன்றம் ஆறு வாரச் சம்பளம் தருகிறேன், கலைந்து போங்கள் என்றது. சிப்பாய்கள் கலையவில்லை. ரெஜிமெண்டுக்கு இருவர் வீதம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூன் தொடக்கத்தில் ஒரு குதிரைப்படைப் பிரிவு ஹோல்டன்பியில் காவலில் இருந்த மன்னரைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. ஆகஸ்டில் படை லண்டனுக்குள் நுழைந்தது. நாடாளுமன்றம் தான் வளர்த்த படைக்குக் கடன்பட்டவராக நின்றது. 1649-ல் மன்னரின் தலை விழுந்ததற்குப் பின்னால் உள்ள சங்கிலியில் இந்த 43 வாரமும் ஒரு கண்ணி.

வரி போடாமல் நோட்டு அச்சடித்திருக்கலாமே என்று இன்றைய வாசகர் கேட்கலாம். 1640-களில் இங்கிலாந்தில் அரசு நோட்டு கிடையாது, அந்தக் கதவே இல்லை. அந்தக் கதவு இருந்தால் என்ன ஆகும் என்பதை 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போர் காட்டியது. வடக்கு 1861-ல் வருமான வரிச் சட்டத்தையும், 1862-ல் பரந்த உள்நாட்டு வரிகளையும் அவற்றுக்குத் தனி அலுவலகத்தையும் கொண்டுவந்தது. தெற்கு வரி போடத் தயங்கி நோட்டு அடித்தது. 1863 ஏப்ரலில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தானியமாகவே கேட்டபோது, ரயிலும் வண்டியும் போதாமல் கிடங்குகளில் பல இடங்களில் அது அழுகியது. போர் முடியும் முன்பே தெற்கின் நோட்டு மதிப்பிழந்துவிட்டது.

பாக்கி எப்படித் தீர்ந்தது?

மாதாந்தர வரி 1647-ல் 60,000 பவுண்டாகவும், 1649-ல் 90,000 பவுண்டாகவும் ஏறியது. அப்படியும் பழைய பாக்கி தீரவில்லை. 1649-ல் மன்னர் குடும்பத்து நிலங்களை விற்க முடிவு செய்து, சிப்பாய்களுக்குப் பாக்கித் தொகை எழுதிய பத்திரங்களைக் கொடுத்தார்கள். அந்தப் பத்திரத்தைக் கொண்டு நிலம் வாங்கலாம். தனிச் சிப்பாயின் பத்திரம் ஒரு வயலுக்குக்கூடக் காணாது. பசியில் இருந்தவர்கள் எழுதிய மதிப்பின் ஒரு சிறு பங்குக்கு அதைத் தங்கள் அதிகாரிகளிடமே விற்றார்கள். அதிகாரிகள் பத்திரங்களைச் சேர்த்து அரண்மனைத் தோட்டங்களையும் வேட்டைக் காடுகளையும் வாங்கினார்கள். 1660-ல் அவருடைய மகன் இரண்டாம் சார்லஸ் மன்னராகத் திரும்பி வந்தபோது அந்த நிலங்கள் மீண்டும் மன்னர் குடும்பத்துக்கே போயின.

அதே ஆண்டு நாடாளுமன்றம் தலைவரியும் மாதாந்தர வரியும் போட்டு, எஞ்சியிருந்த படையின் பாக்கியைத் தீர்த்துக் கலைத்தது. பிம் கொண்டுவந்த பீர் கலாலை மட்டும் யாரும் கைவிடவில்லை. நிலக்கிழார்கள் மன்னருக்குக் கட்டிவந்த பழைய நிலவுடைமைக் கட்டணங்களை ஒழித்ததற்கு ஈடாக அதன் ஒரு பாதி புதிய மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் நிரந்தர வருமானமாக எழுதிக் கொடுக்கப்பட்டது.